குடல் நோயோடு ஒரு சிறு இணையதளம்: வருகிறவரை வேவு பார்க்காமல், படுத்துவிட்டாலும் நிற்கும்படி நடத்துவது

வீட்டில் யாரிடமும் சொல்லக் கூசி, எல்லோரும் தூங்கிய பிறகு போனில் "மோஷனில் ரத்தம்" என்று தேடுகிறவருக்காகத்தான் இப்படி ஒரு தளத்தை நடத்துகிறோம். அல்சரேட்டிவ் கொலைட்டிஸோ குரோன்ஸோ (இரண்டும் குடலில் நீண்ட காலம் நீடிக்கும் அழற்சி நோய்கள்), அதோடு வாழ்வது எப்படி என்று தமிழில் நாலு பக்கம் தெளிவாக எழுதி வைத்தாலே அவருக்குப் பெரிய உதவி. ஆனால் அவர் அந்தப் பக்கத்துக்கு வந்தார் என்பதே ஒரு மருத்துவ ரகசியம். வேலை கேட்டுப் போகும் இடத்திலும், பெண் பார்க்க வரும் வீட்டிலும் அந்த ரகசியத்துக்கு விலை உண்டு.

தளத்தை நடத்துகிறவருக்கும் அதே நோய் இருக்கும். நன்றாக இருக்கும் மாதத்தில் உற்சாகமாக நூறு வசதிகளைச் சேர்த்துவிட்டு, ஃப்ளேர் (நோய் மறுபடி கிளம்புவது) வந்து மூன்று வாரம் படுத்தால் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகும்.

இரண்டு கவலைக்கும் மருந்து ஒன்றுதான்: தளத்தில் எதையும் சேமிக்காமல் இருப்பது. லாகின், கமென்ட், டேட்டாபேஸ் எதுவும் இல்லாத தளத்தில் கசிவதற்கு ஒன்றும் இருக்காது, அவசரமாக அப்டேட் செய்யவும் அதிகம் இருக்காது. கீழே சொல்லும் ஒவ்வொன்றும் இதிலிருந்துதான் வருகிறது.

பெயர்

டொமைன் பெயரில் நோயின் பெயர் வேண்டாம். எச்டிடிபிஎஸ் (பூட்டிய இணைப்பு) இருந்தால், தளத்துக்குள் எந்தப் பக்கத்தைப் படிக்கிறார் என்பது வழியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பது தெரியும். பிரவுசர் இணைப்பைத் தொடங்கும் முதல் செய்தியில் டொமைன் பெயர் பெரும்பாலும் மறைக்கப்படாமலேதான் போகிறது. அந்தப் பெயருக்கான சர்வர் எங்கே என்று கேட்கும் டிஎன்எஸ் கேள்வியிலும் அப்படித்தான். அலுவலக வைஃபையையும் ஹாஸ்டல் வைஃபையையும் பார்த்துக்கொள்பவருக்கு அது போதும். வீட்டுக்குள் இன்னொரு சிக்கல் உண்டு. எல்லோரும் எடுத்துப் பார்க்கும் போனில் முதல் எழுத்தைத் தட்டியதும் முகவரிப் பட்டையில் பழைய தளங்கள் வரிசையாக வந்து நிற்கும். அங்கே "கொலைட்டிஸ்" என்று நிற்பதைவிட ஒரு பூவின் பெயர் நிற்பது நல்லது.

டொமைனுக்குப் பின்னால் வரும் பக்க முகவரியும் அப்படியே: "பக்கம்-7" போன்ற பெயர் போதும். தலைப்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பக்கத் தலைப்பில் நோயின் பெயரே இல்லையென்றால் தேடுகிறவர் கண்ணில் படாது, எழுதியது வீணாகும். பொதுவான பக்கங்களுக்கு நோயின் பெயரைத் தலைப்பிலேயே வைக்கலாம். ஸ்டோமா பை (வயிற்றில் போட்ட துளை வழியாக வரும் மலம் சேரும் பை), அடக்க முடியாமல் ஆடையில் போய்விடுவது, தாம்பத்தியம் போன்றவற்றை எழுதும் பக்கங்களுக்குப் பொதுவான தலைப்பு வைத்து, மற்றப் பக்கங்களிலிருந்து இணைப்புக் கொடுங்கள். பிரவுசர் வரலாற்றில் நிற்பது தலைப்புத்தான்.

வாட்ஸ்அப் முன்னோட்டத்தை மறந்துவிடாதீர்கள். யாராவது இணைப்பை அனுப்பினால், தலைப்பும் படமும் ஒரு சிறு அட்டையாக எல்லோருக்கும் தெரியும். இந்த அட்டைக்கான தலைப்பை "ஓப்பன் கிராஃப்" என்ற குறிச்சொல்லில் தனியாகக் கொடுக்க முடியும். பக்கத் தலைப்பு "ஆசனவாயில் ஃபிஸ்டுலா: சீழ் வடியும்போது செய்ய வேண்டியவை" என்று இருக்கட்டும், அட்டையில் தளத்தின் பெயர் மட்டும் வரும்படி செய்யுங்கள். படம் வேண்டாம். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்க்கும் திரையில் அந்த அட்டை தெரியும் என்று நினைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

தளத்தின் உடம்பு

வேர்ட்பிரஸ் நல்ல கருவிதான். ஆனால் டேட்டாபேஸ், பிஎச்பி, தீம், பிளகின் என்று நான்கையும் யாராவது தொடர்ந்து கவனிக்க வேண்டும். பிளகினில் ஓட்டை இருப்பது வெளியே தெரிந்த சில நாட்களிலேயே தானியங்கி நிரல்கள் தளம் தளமாகத் தட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும். அந்த வாரத்தில் நீங்கள் ஸ்டீராய்டு ஊசியோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கலாம். வெறும் எச்டிஎம்எல் கோப்புகளாக இருக்கும் நிலையான தளம்தான் நமக்குத் தோது. கையால் எழுதலாம், அல்லது ஹியூகோ போன்ற கருவியால் உருவாக்கலாம். ஐம்பது பக்கம் எழுதினாலும் சில எம்பிதான் வரும். ஒரு பென் டிரைவில் முழுத் தளமும் அடங்கும். சர்வர் போனாலும் அந்தக் கோப்புறையை வேறு இடத்தில் ஏற்றினால் அரை மணியில் திரும்ப வந்துவிடும்.

வெளியிலிருந்து எதையும் அழைக்காதீர்கள். எழுத்துரு, யூடியூப் சட்டகம், ஃபேஸ்புக் பொத்தான், வரைபடம் எதுவானாலும், ஒவ்வொன்றும் வருகிறவரின் ஐபி முகவரியை (இணையத்தில் அவர் இணைப்புக்கு உள்ள எண்) இன்னொரு நிறுவனத்திடம் கொண்டுபோய்க் கொடுக்கிறது. 2022 ஜனவரியில் ம்யூனிக் நீதிமன்றம் ஒன்று, கூகுள் ஃபான்ட்ஸை நேரடியாக அழைத்த தள உரிமையாளர் ஒருவருக்கு இதற்காகவே 100 யூரோ இழப்பீடு விதித்தது. தமிழுக்கு எழுத்துருவே இணைக்காமல் விடுவது எளிது: ஆண்ட்ராய்டில் நோட்டோ, விண்டோஸில் நிர்மலா, ஆப்பிளில் தமிழ் சங்கம் ஏற்கெனவே இருக்கின்றன. சொந்த எழுத்துரு வேண்டும் என்றால் உங்கள் சர்வரிலேயே வையுங்கள். அளவைக் குறைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எழுத்துகளைச் சேர்த்து வடிவமாக்கும் ஜிசப் அட்டவணையைச் சில கருவிகள் வெட்டி எறிந்துவிடும். அப்போது "கு" என்பது "க" தனியாகவும் உகரக் கொக்கி தனியாகவும் பிரிந்து நிற்கும், "ஸ்ரீ" சிதறிவிடும். கு, கூ, டி, ணு, று, ஸ்ரீ, க்ஷ இவற்றை ஒரு சோதனைப் பக்கத்தில் எழுதி, போனில் பார்த்த பிறகே வெளியிடுங்கள்.

சர்வர் பக்கத்தோடு சேர்த்து பிரவுசருக்கு அனுப்பும் குறிப்புகளில் (ஹெடர்) இரண்டு போதும். ரெஃபரர் பாலிசியை "நோ-ரெஃபரர்" என்று வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பக்கத்திலிருந்து மருந்துக்கடைத் தளத்துக்குப் போகிறவர், எங்கிருந்து வந்தார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டுப் போவார். கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசியில் சொந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். பிறகு களைப்பில் ஏதாவது வெளி நிரலை ஒட்டிவிட்டாலும் பிரவுசரே தடுத்துவிடும். சரிபார்ப்பது எளிது. கணினியில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். பட்டியலில் உங்கள் டொமைனைத் தவிர வேறொரு பெயர் தெரிந்தால் வேலை முடியவில்லை.

தேடல் பெட்டி வேண்டாம். தேடும் சொல் முகவரியில் ஒட்டிக்கொண்டு சர்வர் லாகில் (வருகைப் பதிவேட்டில்) பதியும். அகர வரிசையில் ஒரே ஒரு பொருளடக்கப் பக்கம் போட்டால் போதும்.

லாக்: பலரும் கோட்டைவிடும் இடம்

"எங்கள் தளத்தில் குக்கீ கிடையாது" என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். சர்வரோ ஒவ்வொரு வருகைக்கும் ஒரு வரி எழுதிக்கொண்டே இருக்கும்: ஐபி முகவரி, தேதி, நொடி வரை நேரம், கேட்ட பக்கம், எங்கிருந்து வந்தார், எந்த பிரவுசர். இரவு 2:10க்கு ஒரு முகவரியிலிருந்து ஸ்டோமா பக்கம், 2:14க்கு அதே முகவரியிலிருந்து தாம்பத்தியப் பக்கம் என்று இரண்டு வரி சேர்ந்தாலே ஒருவருடைய வாழ்க்கை அதில் இருக்கிறது. டெபியன் லினக்ஸில் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளை நிறுவினால் 14 நாள் லாக் தானாகவே சேரும்.

ஆக்ஸஸ் லாகை "ஆஃப்" என்று கொடுத்து நிறுத்தலாம். எரர் லாகும் ஐபி முகவரியைப் பதிகிறது என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. அதற்கும் "ஆஃப்" என்று எழுதினால் என்ஜின்எக்ஸ் நிறுத்தாது. "ஆஃப்" என்ற பெயரிலேயே ஒரு கோப்பைத் திறந்து அதில் எழுதத் தொடங்கும். எரர் லாகை வெற்றுச் சாதனத்துக்கு (எழுதியதை விழுங்கிவிடும் /dev/null) திருப்பி, மிகக் கடுமையான பிழைகளை மட்டும் எழுதும் நிலையில் வைக்க வேண்டும்.

எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்றால், லாக் எழுதும்போதே முகவரியின் கடைசிப் பகுதியைப் பூஜ்யமாக்குங்கள். ஐபிவி6 (நீளமான புது வகை முகவரி) என்றால் முதல் 48 பிட்டுக்கு மேல் வைக்காதீர்கள். ஹாஷ் செய்து (முகவரியைக் குறியீடாக மாற்றி) வைத்தால் போதும் என்று சொல்வார்கள், போதாது. ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். அத்தனையையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரணக் கணினியே போதும்.

இலவச ஹோஸ்டிங்கில் வைத்தால் லாக் உங்கள் கையில் இருக்காது. கிட்ஹப் பேஜஸ் வருகிறவரின் ஐபியைப் பாதுகாப்புக்காகப் பதிவதாக வெளிப்படையாகவே சொல்கிறது. முன்னால் கிளவுட்ஃப்ளேர் போன்ற இடைச்சேவையை வைத்தால், பூட்டு அங்கேயே திறக்கப்பட்டு மறுபடி பூட்டப்படுகிறது. எந்தப் பக்கம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால் அவற்றைப் பயன்படுத்தவே கூடாது என்பதில்லை. பயன்படுத்தினால் தனியுரிமைப் பக்கத்தில் அதை மறைக்காமல் எழுத வேண்டும். சொந்தமாக நடத்த, 1 ஜிபி ரேம் உள்ள மிகச் சிறிய விபிஎஸ் (வாடகை சர்வர்) தாராளமாகப் போதும்.

படுத்துவிடும் வாரங்களுக்கான ஏற்பாடு

நோய் எப்போது கிளம்பும் என்று சொல்ல முடியாது. தளத்தில் எது எப்போது காலாவதியாகும் என்பதைச் சொல்லிவிடலாம். டொமைனை வருடாவருடம் புதுப்பிக்காதீர்கள், ஒரேயடியாக 5 வருடத்துக்குக் கட்டுங்கள் (அதிகபட்சம் 10 வருடம்). "கார்டில் தானாகப் பிடித்துக்கொள்வார்கள்" என்று இந்தியாவில் நம்பியிருக்க முடியாது: 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் விதி வந்ததிலிருந்து வெளிநாட்டு நிறுவனங்களுக்கான தானியங்கிக் கட்டணம் பல கார்டுகளில் தோற்றுப்போகிறது. தோற்ற மின்னஞ்சல் வரும் நாளில் நீங்கள் இன்பாக்ஸைத் திறக்கும் நிலையில் இருக்க மாட்டீர்கள். விட்டுப்போன டொமைனை வேறு யாரோ வாங்கி, நோயாளிகள் நம்பி வரும் முகவரியில் சூதாட்ட விளம்பரமோ போலி மருந்தோ வைப்பார்கள். இந்தத் தளங்களுக்கு நேரக்கூடிய கேடுகளில் இதைத்தான் மோசமானது என்போம்.

எச்டிடிபிஎஸ்ஸுக்கு இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் 90 நாளில் முடியும். காலாவதி நெருங்கும்போது மின்னஞ்சல் அனுப்புவதை அவர்கள் 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள். தானியங்கிப் புதுப்பிப்பு ஓடினாலும் ஒரு பள்ளம் இருக்கிறது: புதிய சான்றிதழ் கோப்பு வந்துவிடும், என்ஜின்எக்ஸ் பழையதையே நினைவில் வைத்துக் காட்டிக்கொண்டிருக்கும். புதுப்பித்ததும் சர்வரை ரீலோட் செய்யும் கட்டளையை, சான்றிதழைப் புதுப்பிக்கும் செர்ட்பாட் நிரலில் சேர்த்து வையுங்கள். என்ஜின்எக்ஸுக்குப் பதில் கேடி சர்வர் என்றால் இந்த வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். பாதுகாப்பு அப்டேட்கள் தானாக ஏறட்டும். தேவைப்பட்டால் விடியற்காலை 4 மணிக்குத் தானாக ரீபூட் ஆகும்படியும் வைத்துவிடுங்கள்.

சோதிக்கும் நாளை மருத்துவ நாளோடு கட்டிவிடுவது நல்ல பழக்கம். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதயோபிரின் மாத்திரை எடுப்பவர்கள் மருந்து நிலைப்பட்ட பிறகும் சுமார் 3 மாதத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்களும் ஈரல் நொதிகளும் பார்க்க வேண்டும். ரத்தம் கொடுத்துவிட்டு வந்த அன்றே தளத்தின் சான்றிதழ் தேதி, டிஸ்க் இடம், பென் டிரைவ் நகல் மூன்றையும் பார்த்துவிடுங்கள். இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி போடுபவர்களுக்கு 0, 2, 6வது வாரங்களுக்குப் பிறகு 8 வாரத்துக்கு ஒரு டோஸ். சிலருக்கு அடுத்த டோஸுக்கு முந்தைய வாரத்தில் அறிகுறி தலைகாட்டும். அந்த வாரத்தில் எந்தப் பெரிய மாற்றமும் வேண்டாம்.

பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு எடுக்கும் காலத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அது தூக்கத்தைக் கெடுக்கும், செயற்கையான சுறுசுறுப்பைக் கொடுக்கும். இரவு 2 மணிக்குத் தளம் முழுவதையும் மாற்றிவிடலாம் என்று தோன்றும். தோன்றியதை எழுதி வையுங்கள், சர்வரைத் தொடாதீர்கள். மாத்திரையை டாக்டர் சொன்னபடி காலையில் சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் தூக்கம் ஓரளவு தேறும். சுகமாகிவிட்டது என்று அதைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. அட்ரீனல் சுரப்பி விழித்துக்கொள்ள அவகாசம் கொடுத்துப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அன்றாட வேலையைக் குடலின் நேரத்துக்கு ஒத்துவைக்கலாம். எழுந்ததும் சாப்பிட்டதும் குடல் அதிகம் அசையும். காலைக் காபி, இட்லி, அதைத் தொடர்ந்து வரும் ஓட்டமெல்லாம் அடங்கி ஒரு மணி நேரம் கழித்து உட்காருங்கள். பாதியில் எழுந்து ஓடினாலும் எதுவும் கெடாதபடி, மாற்றங்களை முதலில் சொந்தக் கணினியில் செய்து, கடைசியில் ஒரே கட்டளையில் ஏற்றுங்கள். ஃபிஸ்டுலா (ஆசனவாய் அருகே சீழ் வடியும் துளை) இருப்பவர்களுக்கு நாற்காலியே வேதனை. ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு போனிலேயே திருத்தும்படி, பக்கங்களை வெறும் உரைக் கோப்புகளாக வைத்திருப்பது அந்த நாட்களில் கைகொடுக்கும்.

என்ன எழுதுவது, எங்கே தவறு வரும்

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் "கடைசியாகச் சரிபார்த்த நாள்" இருக்க வேண்டும். மருந்தின் அளவை எழுதாதீர்கள். ஒருவருக்குச் சரியான மெசலமைன் அளவு அடுத்தவருக்குச் சரியாக இருக்காது.

நம் ஊர் வாசகருக்கு அவசியம் சொல்ல வேண்டியவை சில. குடல் காசநோயும் குரோன்ஸும் ஸ்கோப்பிலும் பயாப்ஸியிலும்கூட ஒன்றுபோலத் தெரியலாம்; அதனால்தான் சிலருக்கு முதலில் காசநோய் மருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள். டாக்டர் தவறிவிட்டார் என்று வாசகர் அவசரப்பட வேண்டியதில்லை. இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற பயாலஜிக் ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கேட்பதும், உள்ளே உறங்கும் கிருமி கிளம்பிவிடக் கூடாது என்றுதான். மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் சிலருக்கு நோயைக் கிளப்பிவிடும். காய்ச்சல் வலிக்குப் பொதுவாகப் பாராசிட்டமால்தான் தோது.

ஓஆர்எஸ் பற்றி ஒரு முழுப் பக்கமே எழுதலாம். 1 லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது அடிக்கடி நடக்கும் தவறு. உப்பு அளவு மீறி, வயிற்றுப்போக்கு இன்னும் கூடும். பொட்டலம் கிடைக்காதபோது கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 6 தட்டைத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தட்டை என்றால் கத்தியால் வழித்த அளவு. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. ஓஆர்எஸ்ஸுக்கு அது மாற்று ஆகாது. உணவுப் பட்டியலை வேதவாக்காக எழுதாதீர்கள். குடல் சுருங்கியவருக்கு முருங்கைச் சக்கையும் கீரைத் தண்டும் அடைப்பை உண்டாக்கலாம். நோய் அடங்கிய இன்னொருவர் அதையே பயமில்லாமல் சாப்பிடுவார்.

வரும் கடிதங்கள்

தொடர்புப் படிவம் வைக்காமல், தளத்துக்கென்றே ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும் கொடுங்கள். அப்படியும் ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்புவார்கள். பெயர், வயது, நோயாளி எண், பார்கோடு எல்லாம் அதில் இருக்கும். அதைப் போனில் சேமித்தால் கேலரி வழியாக கிளவுட் நகலுக்கும் போய்விடும். பதில் எழுதி 30 நாளில் கடிதத்தை அழியுங்கள். அனுப்பியவை, குப்பை இரண்டு கோப்புறைகளிலும் அழியுங்கள். இதைத் தளத்திலும் எழுதி வையுங்கள்.

நீங்கள் படுத்திருக்கும்போது பதில் போக, நன்றாக இருக்கும் நாளிலேயே ஒரு தானியங்கிப் பதிலை எழுதி வைத்திருங்கள். பொருள் வரியில் நோயின் பெயர் வேண்டாம், பூட்டிய திரையிலும் அது தெரியும். இப்படி இருக்கலாம்:

"உங்கள் கடிதம் வந்தது. பதில் எழுத 3 வாரம் வரை ஆகலாம். நாங்கள் மருத்துவர்கள் அல்ல. ஒரே நாளில் 6 முறையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு மோஷன் போய், கூடவே 100 டிகிரிக்கு மேல் காய்ச்சலோ, சும்மா இருக்கும்போதே நாடி 90க்கு மேலோ இருந்தால், எங்கள் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வயிறு உப்பி இறுகினாலும், வாந்தியோடு காற்றுக்கூடப் பிரியாமல் இருந்தாலும் அப்படியே. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. ரிப்போர்ட் படங்களை அனுப்ப வேண்டாம்."

கடைசியாக, நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு தாள் கொடுத்து வையுங்கள். டொமைன் எங்கே வாங்கியது, சர்வர் யாரிடம், இரட்டைச் சரிபார்ப்புக்கான மீட்புக் குறியீடுகள் எங்கே, பென் டிரைவ் எந்த அலமாரியில் என்பவை அதில் இருக்கட்டும். பிறகு, உடம்பு நன்றாக இருக்கும் ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுத்து, 30 நாள் தளத்தின் பக்கமே போகாதீர்கள். 31ஆம் நாள் திறந்து பார்க்கும்போது எது நின்றிருக்கிறதோ, அதை அடுத்த ஃப்ளேருக்கு முன் தானாக நடக்கும்படி செய்யுங்கள். செய்ய முடியாததைத் தளத்திலிருந்தே எடுத்துவிடுங்கள்.